புரோபயாடிக் மாத்திரை மட்டும் போதாது
குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையைச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை தானாகக் குறைந்துவிடும் என்று இந்தக் கட்டுரையில் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. நானே மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். தினமும் காலையில் விரலைக் குத்தி நோட்டில் எழுதி வைத்த வெறும் வயிற்று அளவு 140-ஐ விட்டு இறங்கவே இல்லை. நெதர்லாந்தில் 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாவை உடல் பருமன் உள்ள ஆண்களுக்குச் செலுத்தியபோது 6 வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது உண்மைதான். சரி, அது நிலைத்ததா? அதே குழு 2017-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் 18-ஆவது வாரத்தில் அந்தப் பலன் மறைந்திருந்தது. பாக்டீரியாவைக் குடியேற்றினால் மட்டும் ஆகாது, அதற்குத் தீனியும் போட வேண்டும். நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துத்தான் அது பியூட்டிரேட், புரோபியோனேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகிறது; இன்சுலின் சுரப்புக்குக் கைகொடுக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனை வெளிவிடும்படி குடல் செல்களைத் தூண்டுவது அவைதான். அப்புறம், இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நிறுத்திவிட்டு புரோபயாடிக் மாத்திரைக்கு மாறப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அந்த மருந்தே குடல் பாக்டீரியாவின் கலவையை மாற்றுகிறது என்று 2015-லேயே ஆய்வு வந்துவிட்டது. முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.