கேப் ஹைத்தியனுக்கு முதல் தேவை ஆஸ்பத்திரி

போன மாதம் ஒரு பையர் ரெஃபரன்ஸுக்கு என்று டி-ஷர்ட் ஒன்று அனுப்பியிருந்தார். பல வாஷ் கண்ட பழைய பீஸ். தையல் எண்ணிக்கை பார்க்க உள்பக்கம் புரட்டியபோது கழுத்து லேபிள் கண்ணில் பட்டது: 'மேட் இன் ஹைத்தி'. பதினெட்டு வருடமாகத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். பங்களாதேஷ், வியட்நாம், கம்போடியா லேபிளெல்லாம் பழகிய கண். கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தி எனக்குப் புதிது. நிலநடுக்கம், காலரா, துப்பாக்கிக் கும்பல் என்று செய்தியில் மட்டுமே கேட்ட நாட்டில், யாரோ ஒரு பெண் உட்கார்ந்து இந்தக் கழுத்துப் பட்டியை இவ்வளவு நேராக அடித்திருக்கிறாள். அந்த எண்ணம் என்னை விடவே இல்லை. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த நாட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த ஃபேக்டரி என்று லேபிள் சொல்லாது. தேடிப் போனதில் நான் போய் நின்ற இடம், வடக்குக் கடற்கரையில் இருக்கும் கேப் ஹைத்தியன். ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஓகாப்'. 1670இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய துறைமுகம். சர்க்கரையும் காபியும் கப்பல் கப்பலாக ஏறிய காலத்தில் 'அண்டிலிஸின் பாரிஸ்', அதாவது கரீபியன் தீவுகளின் பாரிஸ், என்று அதற்குப் பெயர். அந்தச் சர்க்கரையைக் காய்ச்சியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1791 ஆகஸ்டில் இந்த ஊரைச் சுற்றியிருந்த கரும்புத் தோட்டங்களில்தான் அவர்கள் தீ வைத்து எழுந்தார்கள். 1803 நவம்பர் 18, ஊர் எல்லையில் இருக்கும் வெர்த்தியேரில் நெப்போலியனின் படையைத் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1, சுதந்திரம். அடிமைகளே போராடி, வென்று, நாடு கண்ட கதை உலக சரித்திரத்தில் இது ஒன்றுதான். நம் பள்ளிப் புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சி பக்கம் பக்கமாக இருந்தது. இது ஒரு வரி இருந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

பிரெஞ்சுக்காரன் திரும்பி வருவான் என்ற பயம் அவர்களுக்குப் போகவில்லை. அதனால் மிலோ என்ற சிற்றூருக்கு மேலே, ஏறத்தாழ 900 மீட்டர் உயர மலைமுடியில் ஒரு கோட்டை எழுப்பினார்கள். சித்தாதெல். வேலை தொடங்கியது 1805இல். கட்ட வைத்தவர் ஆன்ரி கிறிஸ்தோஃப், பிறகு வடக்குக்கு ராஜாவானவர். 20,000 பேர் வரை கல் சுமந்திருக்கிறார்கள். கட்டாய வேலைதான், அதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. நேற்று வரை அடிமையாக இருந்தவன், இனி யாரும் தன்னை அடிமையாக்கக் கூடாது என்பதற்காகவே முதுகொடியச் சுமந்தான். அந்தக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுப் படைமேல் ஒரு குண்டுகூடச் சுட நேரவில்லை. 1825இல் 14 போர்க்கப்பல்களோடு பிரான்ஸ் வந்து நின்ற இடம் தெற்கே, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகம். கையில் கொண்டுவந்தது கணக்குச் சீட்டு. உங்களை அங்கீகரிக்கிறோம், நாங்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு கொடுங்கள் என்றார்கள். அந்தச் 'சொத்தில்' இந்த மனிதர்களின் உடம்பும் அடக்கம். பிறகு அது 9 கோடியாகக் குறைந்தது. அதற்காக வாங்கிய கடனும் வட்டியும் கட்டி முடியும்போது வருடம் 1947. ஹைத்தியில் ஏன் நல்ல ஆஸ்பத்திரி இல்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2010 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் தெற்கே போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து விழுந்தது. உலகமே உதவி அறிவித்தது. அந்த மறுகட்டுமானத்தின் பெரிய அடையாளமாகக் காட்டப்பட்டது எது தெரியுமா? இடிந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, வடக்கே, கேப் ஹைத்தியனுக்குக் கிழக்கே கராகோலில் எழுந்த தொழிற்பூங்கா. 2012 அக்டோபரில் திறந்தார்கள். ஹிலாரி கிளிண்டன் நேரில் வந்தார். முதல் பெரிய கம்பெனி தென் கொரியாவின் சே-ஆ. 60,000 வேலைக்கு மேல் வரும் என்றார்கள். பல வருடம் ஆகியும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. பூங்கா எழுந்த 246 ஹெக்டேரும் சோளமும் பீன்ஸும் விளைந்த நிலம். அங்கே உழுதுகொண்டிருந்த 366 குடும்பங்கள் வெளியேறின. விடாமல் போராடி, 2018 டிசம்பரில்தான் பூங்காவுக்கு நிதி கொடுத்த வங்கியோடு ஓர் உடன்படிக்கைக்கு வர முடிந்தது. அவர்களின் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன்.

பனியன் கம்பெனியில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். எங்கள் ஊரில் நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், அட்டைப்பெட்டி வரை எல்லாம் சுற்று வட்டாரத்திலேயே கிடைக்கும். ஒரு ஆர்டர் வந்தால் அந்தப் பணம் நூறு கைகளைத் தொட்டுவிட்டுத்தான் போகும். கராகோலுக்குத் துணி வெளிநாட்டிலிருந்து வருகிறது. வெட்டி, தைத்து, பெட்டியில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். ஊரில் தங்குவது தையல் கூலி மட்டும். அமெரிக்கச் சட்டம் ஒன்று தரும் வரிச்சலுகையை நம்பித்தான் அந்தக் கூலியும். சலுகை முடியும் தேதி நெருங்கும்போதெல்லாம் ஆர்டர் தயங்கும், ஆள் குறையும். 2022 பிப்ரவரியில் தொழிலாளர்கள் நாளுக்கு 1,500 கூர்து (அந்த நாட்டுப் பணம்) கூலி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அரசு அறிவித்தது 685. அதே வடகிழக்கில், ஃபோர்-லிபெர்த்தே பக்கம் ஒரு காலத்தில் கயிறு திரிக்கும் கற்றாழை நார்த் தோட்டம் ஒன்று உலகிலேயே பெரியது என்று பேர் வாங்கியிருந்தது. நைலான் வந்தது, தோட்டம் போனது. ஒரே சரக்கை ஒரே வாடிக்கையாளருக்கு விற்று வாழும் ஊரின் பாடு அந்த மண்ணுக்குப் புதிதில்லை.

தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு அடுப்பு எரிவது தையல் மெஷினால்தான். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு தொழிற்சாலை என்ற வரிசை மாறிப்போனதைத்தான் சொல்கிறேன்.

2021 டிசம்பர் 14, நள்ளிரவு தாண்டிய நேரம். கேப் ஹைத்தியனில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. நாட்டில் எரிபொருள் பஞ்சம். வாளியும் கேனுமாக ஜனங்கள் ஓடி வந்தார்கள். டேங்கர் வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பக்கத்து வீடுகளும் எரிந்தன. உடம்பெல்லாம் வெந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் ஜுஸ்தீனியன் ஆஸ்பத்திரி. 1890 முதல் இருப்பது, வட ஹைத்திக்கே தலைமை அரசு ஆஸ்பத்திரி. டாக்டர்கள் பயிற்சி பெறுவதும் அங்கேதான். அந்த ராத்திரி அங்கே சலைன் போதவில்லை, கட்டுத்துணி போதவில்லை. தீக்காயத்துக்கென்று தனிச் சிகிச்சை தலைநகரில்தான் என்பதால் பலரை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர்களையும் நர்ஸ்களையும் நான் குறை சொல்லமாட்டேன். இருந்ததை வைத்து அவர்கள் போராடினார்கள்.

அதற்கு இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று, ஹைத்தியின் 'சூப் ஜுமூ'வை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பூசணி போட்டுக் காய்ச்சும் சூப். அடிமைகள் எஜமானுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள், ஆனால் தாங்கள் அதை வாயில் வைக்கக் கூடாது. அதனால்தான் சுதந்திர நாளான ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வீடு அதைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். நாடே கொண்டாட வேண்டிய செய்தி வந்தபோது ஓகாப் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரபு என்றால் கோட்டையும் சூப்பும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். கிறிஸ்தோஃப் ராஜா காலத்தில் பிரின்ஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பின ஆசிரியர் அமெரிக்காவில் பிறந்து லண்டன் வழியாக இங்கே வந்தார். பள்ளிக்கூடம் நடத்த உதவியவர், பெரியம்மைத் தடுப்பூசியையும் கொண்டுவந்தார். விடுதலை பெற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடமே ஆன நாடு, சுற்றிலும் எதிரி, அந்த நிலையிலும் அம்மை குத்த ஆரம்பித்திருக்கிறார்கள்! என்னைக் கேட்டால் அந்தத் தடுப்பூசிக்குச் சித்தாதெலுக்குச் சமமான இடம் உண்டு. வைத்தியமும் இவர்களின் மரபுதான்.

அதற்குச் சாட்சி மிலோவிலேயே இருக்கிறது. கோட்டை மலையின் அடிவாரத்தில், கிறிஸ்தோஃப் ராஜாவின் சான்-சூசி அரண்மனை இடிந்து நிற்கும் அதே ஊரில், 1986இல் தொடங்கிய சாக்ரே-கர் ஆஸ்பத்திரி. 2010 நிலநடுக்கத்தின்போது அதில் 73 படுக்கைகள்தான். தலைநகரிலிருந்து ஹெலிகாப்டரில் காயம்பட்டவர்கள் வர வர, கால்பந்து மைதானத்தில் இறக்கி, கூடாரம் போட்டு, 400 படுக்கைக்கு மேல் கொண்டுபோனார்கள். அந்தச் சின்ன ஊர் அத்தனை பேரையும் தாங்கியது. நன்றாக நடக்கும் ஓர் ஆஸ்பத்திரி கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கோட்டையும் அரண்மனையும் 1982லேயே உலக மரபுச் சின்னம் ஆகிவிட்டன. சுற்றுலா வந்து ஊரை வாழவைக்கும் என்ற பேச்சு அப்போதிருந்தே உண்டு. பக்கத்து லபாடி கடற்கரையை ஒரு சொகுசுக் கப்பல் கம்பெனி குத்தகைக்கு எடுத்துப் பல வருடம் ஆயிரக்கணக்கான பயணிகளை இறக்கியது. வேலிக்குள் குளித்துவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓகாப்பின் பலகணி வீடுகளையும் முந்திரி போட்டுச் செய்யும் கோழிக் குழம்பையும் அவர்கள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. 2020 ஏப்ரலில் சான்-சூசியை ஒட்டிய பழைய தேவாலயம் தீப்பிடித்து அதன் குவிமாடம் விழுந்தது. இருநூறு வருடம் ஆன கட்டடத்தைக் காக்கவும் தண்ணீர் வண்டி, பயிற்சி பெற்ற ஆள், நல்ல ரோடு வேண்டும். எரிந்த மனிதனைக் காப்பாற்றவும் அதேதான் வேண்டும்.

இதை இப்போது எழுத அவசரமான காரணம் இருக்கிறது. 1842 மே 7 அன்று நிலநடுக்கம் வந்து இந்த ஊர் தரைமட்டமானது, ஜனத்தில் பாதிப்பேர் வரை செத்தார்கள். சான்-சூசியும் அன்று விழுந்ததுதான். நிலநடுக்கத்தைக் கிளப்பும் அந்த வடக்கு நிலப்பிளவு இன்னமும் கடலோரமாக அப்படியே கிடக்கிறது. இன்னொரு பக்கம், கும்பல்களுக்குப் பயந்து வீட்டை விட்டவர்கள் 2025 நடுவில் நாடு முழுக்க 13 லட்சம். அதில் பலர் வடக்கே வந்து தங்குகிறார்கள். மத்தியில் மிர்பலேயில் 2013இல் திறந்த 300 படுக்கை ஆஸ்பத்திரி, நாட்டின் பெருமை, 2025இல் கும்பல் தாக்குதலுக்குப் பிறகு மூட வேண்டியதாயிற்று. அந்த நோயாளிகளும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்?

என் தொழில்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பையரின் ஆடிட் ஆள் வந்தால் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு, டெட்டால், கத்தரிக்கோல் எண்ணுவார். தீயணைப்பு சிலிண்டரின் தேதி பார்ப்பார். வெளியேறும் வழியில் மஞ்சள் கோடு அளப்பார். திருப்பூரில் பார்ப்பதைத்தான் கராகோலிலும் பார்ப்பார்கள். ஷிப்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலோ, பாய்லர் வெடித்தாலோ, ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத்தில் இருக்கிறது, அங்கே இன்றைக்கு ரத்தமும் சலைனும் கரண்டும் இருக்கிறதா என்ற கேள்வி நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி இந்த வாரம் எங்கள் பையருக்கு மெயில் எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் பையருக்கு எழுதுங்கள்.