ரங்கூன் படத்தில் பெரியம்மா தேடிய தெரு

ரங்கூனில் இருக்கும் நாங்கள் பார்க்க நினைத்தது தமிழ் 'ரங்கூன்' படம். தம்பி முதலில் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தது வேறு 'ரங்கூன்'. சயிஃப் அலி கான், கங்கனா, இரண்டாம் உலகப்போர், குதிரை, ரயில். "இது நம்ம ஊரே இல்லையேடா" என்று பத்தாவது நிமிஷத்திலேயே பெரியம்மா சொல்லிவிட்டார். தப்பில்லை, அந்த இந்திப் படத்தைப் பெரும்பாலும் அருணாசலப் பிரதேசத்தில்தான் எடுத்திருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் அது வந்தது, ஜூனில் தமிழ் 'ரங்கூன்'. ஒரே வருஷத்தில் ஒரே பேரில் இரண்டு படம். எங்கள் ஊர்மேல் திடீரென்று எல்லோருக்கும் என்ன பாசமோ!

சரி, தமிழ்ப் படத்துக்கு வருகிறேன். இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமிக்கு இது முதல் படம். ஏ.ஆர். முருகதாஸிடம் உதவி இயக்குநராக இருந்தவர், தயாரிப்பும் முருகதாஸ்தான். பிறகு 2024-இல் 'அமரன்' எடுத்து ஊரையே பேசவைத்தார். 'அமரன்' பார்த்துவிட்டுத்தான் நாங்கள் பின்னோக்கி இதைத் தேடினோம். கதை பர்மாவிலிருந்து சின்ன வயதில் சென்னைக்குப் போன ஒருவன் தங்கக் கடத்தலில் மாட்டுவது. முழுக்கச் சொன்னால் பார்க்காதவர்கள் திட்டுவார்கள்.

கௌதம் கார்த்திக்கை 'கடல்' பார்த்ததிலிருந்து எனக்கு ஒட்டவில்லை. இதில் ஒட்டியது. பையன் முகம் மாறாத ஒருவன் தாடிக்குப் பின்னால் பயத்தை ஒளிப்பது இந்தக் கதைக்கு வேண்டியிருந்தது. அதைவிட என்னைப் பிடித்தவர் மலையாள நடிகர் சித்திக். வில்லன் சிரிப்பு கிடையாது, கத்தல் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரிய மனுஷர் மாதிரி பேசுகிறார், அதுதான் பயம். நண்பர்களாக லல்லுவும் டேனியலும் பொருத்தம். சனா மக்பூலுக்குக் கொடுத்த காதல் பகுதியை வேகமாக ஓட்டிப் பார்த்தோம், மன்னிக்கவும்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. அவர் பார்த்தது நடிகர்களுக்குப் பின்னால் இருந்ததை. அவருடைய சித்தப்பா குடும்பம் 1964-க்குப் பிறகு கப்பலேறி, கடைசியில் சென்னை பர்மா பஜாரில் கடை போட்டது. அதனால் பஜார் வந்தாலும் நிறுத்தச் சொல்வார், ரங்கூன் வந்தாலும் நிறுத்தச் சொல்வார். "டேய் நிறுத்து, பின்னால போ, அந்த மாடியைப் பாரு." போன் திரையை விரலால் பெரிதாக்கி, கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பெண்ணைத் தாண்டி, பாசி பிடித்த சுவரைத் தேடுவார்.

எனக்கு இருக்கும் குறை இதுதான். ஊரை ஸ்டைலாகக் காட்டத் தெரிந்தவர்கள் ஊர்க்காரன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். தங்கத்தைப் பற்றிய படம். இங்கே தங்கத்தைப் பவுனில் பேசுவதில்லை, கியத்தா என்போம். ஒரு கியத்தா 16 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது இரண்டு பவுன் சொச்சம். அந்தச் சொல் என் காதில் விழுந்த நினைவில்லை.

இன்னொன்று. 1970-இல் இந்த நாடு சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்கு மாறியது. ஆனால் ஜப்பானிலிருந்து பழசாக வந்த கார்கள் இன்னமும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகும் லாரியை முந்தவேண்டுமென்றால் எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் தலையை நீட்டிப் பார்த்து "போ, போ" என்று சொல்லவேண்டும். அவன் வாயை நம்பித்தான் மிதிக்கவேண்டும். கூட்டாளியை நம்பலாமா வேண்டாமா என்று ஓடும் ஒரு படத்துக்கு இதைவிட என்ன காட்சி வேண்டும்? நான் தினமும் டாக்ஸியில் உட்கார்ந்து இலவசமாக நடித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் இருந்து யாராவது இதைப் படித்தால், அங்கே பர்மா சாப்பாடாக விற்கும் அத்தோ என்றால் நூடுல்ஸ் மட்டும் இல்லை. கையால் பிசைந்து கலக்கும் எல்லாமே இங்கே அத்தோதான். இஞ்சியைக்கூட விடுவதில்லை. இதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது.

படம் முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. இங்கே அது செய்தியே இல்லை. போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். கிளைமாக்ஸ் பார்க்கலாம் என்றான் தம்பி. பெரியம்மா போனை வாங்கிக்கொண்டார். இருட்டில் அந்த மாடி வீட்டை மறுபடி பெரிதாக்கி, "முப்பதாம் தெரு இல்லடா, இருபத்தொன்பது" என்றார்.