மெஷின் படத்துக்கு யார் கண் கலங்கும்?

வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு குழந்தையின் படம் வந்துவிடுகிறது. மூக்கில் குழாய், கீழே க்யூஆர் கோடு, "இன்னும் மூன்று லட்சம் தேவை". நானும் ஐநூறோ ஆயிரமோ அனுப்புகிறேன். தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்து உறுத்துகிறது.

முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் பள்ளியில் படித்தோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதைப் படித்த ஞாபகம் இல்லை. அறுபதைத் தாண்டிய வயதில் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்காக ஊரெல்லாம் கை நீட்டினார். இந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்கிற ரீதியில் ஆட்சியில் இருந்தவர்களிடமிருந்தே பதில் வந்ததாக, அங்கேயே ஆயுள் முழுக்க வேலை பார்த்த டாக்டர் சாந்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று திறந்தபோது இருந்தது 12 படுக்கைகள்தான். பெரிய கட்டடமெல்லாம் இல்லை, குடிசை. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அப்புறம் கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு அடுத்த வருடம் வந்து சேர்ந்த சாந்தா. கொஞ்ச வருடத்தில் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. 1960இல் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு.

இவர்கள் கை நீட்டியது எந்த ஒரு நோயாளிக்காகவும் இல்லை. கட்டிலுக்கு, கருவிக்கு, இன்னும் நோயே வராத யாரோ ஒருவருக்கு. அப்படிக் கேட்பது எவ்வளவு கஷ்டம்! ரேடியேஷன் மெஷினைப் படம் எடுத்துப் போட்டால் யாருக்குக் கண் கலங்கும்? ஆனால் அந்த மெஷின் இருந்தால்தானே படத்தில் இருக்கிற குழந்தைக்கு வைத்தியம்.

"நிறுவனத்துக்குக் கொடுத்தால் காசு எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப் படத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

2005இல் மகசேசே விருதோடு வந்த பணத்தைச் சாந்தா அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார். அதில் யாருக்கு ஊசி போட்டார்கள் என்று எந்தப் படமும் வரவில்லை.

படங்களுக்கு அனுப்புவதில் பாதியை இனி மாதாமாதம் இப்படி ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். குழுவில் சொன்னேன். "எந்தக் குழந்தைக்கு?" என்று கேட்டார்கள்.