மருத்துவமனைக்குப் பின்தெருவில் குடியிருப்பவர்கள்

பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். அவசரம் என்றால் ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரலாமே! வாஸ்தவம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, அந்த வாசல் நமக்குத் திறப்பது வேறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்படியொரு கட்டடத்தின் பின்தெருவில் நான் குடியிருந்திருக்கிறேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, புல்தரை, வரவேற்பு மேசை. ஜெனரேட்டர், ஆக்சிஜன் டேங்கர், அழுக்குத் துணி ஏற்றும் வண்டி, குப்பை மூட்டை எல்லாம் எங்கள் பக்கம். நடுராத்திரியில் டேங்கர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில் குழந்தைகள் விழித்து அழும். உள்ளே பார்க்கிங்குக்குக் காசு என்பதால், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வண்டிகள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஐசியுவில் யாரையோ சேர்த்துவிட்டு விடிய விடிய எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போங்கள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? தண்ணீர் கேட்பார்கள், போனுக்குச் சார்ஜ் போடக் கேட்பார்கள், கொடுப்போம். அத்தனை மாடி கட்டியவர்கள் அவர்கள் உட்கார ஒரு கூடம் கட்டவில்லை. அந்த வேலையை எங்கள் தெரு பார்த்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், உயிர் காக்கும் இடம். எந்தப் பிரிவைத் திறப்பது, எதை மூடுவது, அடுத்த கட்டடம் யார் வீட்டு மேல் எழுவது என்று முடிவெடுக்கும்போது சுற்றியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லையே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். நகரின் தெற்குப் பகுதியில் இருக்கும் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை, பெரியவர்களுக்கான படுகாய அவசர சிகிச்சை மையத்தை 1988-இல் மூடியது. நஷ்டம் என்பது காரணம். சுற்றிலும் பெரும்பாலும் கறுப்பின மக்கள், துப்பாக்கிச் சூடு அடிக்கடி நடக்கும் வட்டாரம். 2010-இல் அந்த மருத்துவமனையிலிருந்து சில தெருக்களே தள்ளி 18 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். ஆம்புலன்ஸ் அவரைப் பல மைல் தாண்டி, நகர மையத்தில் இருந்த வேறொரு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனது. பிழைக்கவில்லை. அவருடைய நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராடினார்கள். 2018 மே மாதம் மையம் மறுபடி திறந்தது. நடுவில் போனது 30 வருடம். அந்த 30 வருடமும் உலகத்தரம் வாய்ந்த மருத்துவம் அதே வட்டாரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நகரமான நியூவார்க்கின் கதை இன்னும் பழையது. 1967-இல் மருத்துவக் கல்லூரிக்காக நகர நடுவில் சுமார் 150 ஏக்கர் குடியிருப்பைக் காலி செய்யத் திட்டம் போட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் வெடித்த கலவரத்துக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். 1968-இல் மக்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டபோது நிலம் 60 ஏக்கருக்கும் கீழே இறங்கியது. வீடு இழப்பவர்களுக்கு மாற்று வீடு, உள்ளூர்க்காரர்களுக்கு வேலை என்பதெல்லாம் எழுத்தில் ஏறியது. பாதிக்கும் குறைவான நிலத்தில் கல்லூரி நடக்கும் என்றால், முதலில் எதற்காக 150 கேட்டார்கள்? கேள்வி கேட்க ஆள் இல்லை என்ற நினைப்புதான்.

மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு, இன்னொரு அமெரிக்க நகரமான கிளீவ்லேண்ட் சாட்சி. பெரிய மருத்துவமனைகளை ஒட்டிய ஏழை வட்டாரங்களில் வேலை கொடுக்கவென்றே 2009-இல் ஒரு சலவைக் கூட்டுறவு தொடங்கினார்கள். துவைக்கிறவர்களே முதலாளிகள். 2018-இல் கிளீவ்லேண்ட் கிளினிக் என்ற அங்குள்ள பெரிய மருத்துவமனை தன் சலவை வேலையை அவர்களிடம் ஒப்படைத்தது. இதற்குப் புதிதாக நிதி ஒதுக்கத் தேவையில்லை. எப்படியும் யாருக்கோ கொடுக்கிற பில்தான். அது பக்கத்துத் தெருவுக்குப் போனது.

அமெரிக்காவில் 2010 சட்டப்படி, வரிவிலக்கு பெறும் லாப நோக்கற்ற மருத்துவமனைகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுவட்டார மக்களின் உடல்நலத் தேவைகளைக் கணக்கெடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் கேட்டு எழுதிக்கொள்வதோடு நின்றால் போதாது. மூச்சிரைப்போடு வரும் குழந்தைக்கு நெபுலைசர் வைத்து அனுப்புகிறோம். அது திரும்பிப் போவது ஈரம் ஊறிய அதே சுவருக்குத்தான். மறுபடி வரத்தானே செய்யும்?

விரிவாக்கமே கூடாது என்று சொல்லவில்லை, படுக்கை போதாமல் அலைகிறவர்களைப் பார்த்தவன் நான். ஆனால் மருத்துவமனை பெரிதானால் வாடகை ஏறுகிறது. முதலில் காலி செய்வது அங்கே தரை துடைப்பவர்களும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களும்தான். நைட் டூட்டி முடித்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிறார்கள். அதனால், கட்டட அனுமதி கொடுக்கும் அன்றைக்கே இவற்றை எழுதி வாங்கிவிட வேண்டும்: வீடு இழப்பவர்களுக்கு அதே வட்டாரத்தில் வீடு, கீழ்நிலை ஊழியர்களுக்குக் குடியிருப்பு, துணைக்கு வருகிறவர்கள் படுக்க ஒரு கூடம், நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமையோடு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர். இதில் ஏதாவது ஒன்று உங்கள் பக்கம் நடந்திருந்தாலும் கமெண்டில் எழுதுங்கள், யார் எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்பதோடு.