எருக்கு ஏன் அரளிக் குடும்பத்தில்?

உங்கள் கட்டுரையில் எருக்கை 'அஸ்கிளிபியடேசி' என்ற தனிக் குடும்பத்தில் போட்டிருக்கிறீர்கள். பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருக்கும். 1810-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் பிரித்து வைத்த குடும்பம் அது. ஆனால் 1998-இல் வந்த ஏபிஜி வகைப்பாடு (பூக்கும் தாவரங்களை மரபுவழி உறவை வைத்துப் பிரிக்கும் ஆய்வாளர் குழுவின் வகைப்பாடு) அதை அரளி, நித்தியகல்யாணி இருக்கும் அப்போசைனேசியோடு சேர்த்துவிட்டது. இன்று அது அந்தக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பம்.

பிரவுன் பிரித்ததிலும் நியாயம் இருந்தது. எருக்கம்பூவின் நடுவில் உள்ள ஐங்கோண மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மகரந்தத்தாள்களும் சூலகமுடியும் (மகரந்தத்தை ஏற்கும் பெண்பகுதியின் நுனி) ஒட்டி ஒன்றாகியிருக்கும். மகரந்தம் தூளாக உதிராது, மெழுகுபோன்ற திரளாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து மகரந்தப்பைகளின் இரண்டு திரள்களை ஒரு சின்னக் கருப்புக் கவ்வி இணைக்கிறது. தேனுக்கு வரும் வண்டின் கால் இடுக்கில் சிக்கி மேலே இழுபடும்போது கவ்வி பிடித்துக்கொள்ளும். ஜோடியாகத் திரள்கள் வெளியே வந்துவிடும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

அரளியில் இது கிடையாது. அப்புறம் எப்படி ஒரே குடும்பம் என்றால், இடைப்பட்ட நிலைகளும் இருக்கின்றன. நன்னாரி சேர்ந்த துணைக்குடும்பத்தின் பல செடிகளில் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டி, கரண்டி வடிவ உறுப்பில் வந்து விழுகிறது. டிஎன்ஏ ஆய்வுகளும், எருக்கு வகையறா அரளிக் கிளைகளுக்கு உள்ளிருந்தே கிளைத்தது என்றே காட்டின. அதைத் தனியே எடுத்தால் மிச்சமிருப்பது, ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் எல்லாம் அடங்கிய முழுமையான குடும்பமாகாது.

படங்கள் அருமை. குடும்பப் பெயரை மட்டும் திருத்திவிடுங்கள்.