வேனுக்குள் இருந்து கடல் பார்க்கும் பிள்ளை

போன மார்கழி விடுமுறையில் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனோம். மூன்று நாள் மழை விட்டு வெயில் எறித்த நாள். வேன் நின்றதும் சின்னதுகள் பாய்ந்து இறங்கி ஓடிவிட்டார்கள். சோற்றுப் பார்சல், பாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இறங்கின. அக்காவின் மகள் மட்டும் இறங்கவில்லை. அவளுக்கு வயது 12. நடக்க இயலாது, வீல்செயாரில்தான் நடமாட்டம். "மணலுக்குள்ள அது உருளாது மகள், வேனுக்குள்ள இருந்தே கடலப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் என்னை இன்னும் விடவில்லை. இது எத்தனையாவது தடவை என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். எண்ண முடியவில்லை.

அம்மம்மா அன்று வரவே இல்லை. "நான் வீட்டப் பாத்துக்கொள்றன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். எல்லா முறையும் அதேதான் சொல்வார். வீட்டைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை என்றுதான் பல வருடமாக நினைத்திருந்தேன். உண்மையான காரணம் மலசலகூடம். முழங்கால் வலியோடு குந்தி இருக்க முடியாது, பிடித்து எழும்பக் கம்பியும் இருக்காது. எங்காவது போகவேண்டி வந்தால் முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாராம். இதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் உலாவுக்காக வயதான மனுசி தாகத்தோடு இருக்க வேண்டுமா?

பணம் இல்லை, மழைக்காலம் என்று நாம் சாட்டுச் சொல்கிறோம். மழை உண்மைதான். நம் மட்டக்களப்புப் பக்கம் வருடத்தின் பெரும்பகுதி மழை வடகீழ்ப் பருவத்தில்தான் கொட்டுகிறது, பாடசாலை விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். நான் கடலில் இறங்கச் சொல்லவில்லை. கரையில் காற்று வாங்க, அலையைப் பார்க்க, கூட்டத்தோடு இருந்து கச்சான் கொறிக்க எல்லாருக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

கல்லடிப் பழைய பாலத்தைப் பாருங்கள். 1928இல் திறந்த இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் எல்லாம் அங்கே மாறிவிட்டன. இப்போது பின்னேரங்களில் நடக்கிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், காற்று வாங்க வருகிறவர்கள் என்று எல்லாரும் பழைய பாலத்தில்தான். அக்காவின் மகளை அங்கே கூட்டிப்போனால் ஒருவரும் தூக்க வேண்டியதில்லை. அவளே உருட்டிக்கொண்டு போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த இடம் அவளுக்குச் சரிவந்தது தற்செயல். அவளை மனதில் வைத்து எந்த இடத்தையாவது கட்டினால் எப்படி இருக்கும்?

சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன, அவை பொதுக் கட்டடங்களோடு பொது இடங்களையும் சொல்கின்றன. 2016இல் இலங்கை உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாடவும் பொழுதுபோக்கவும் வேண்டும் என்கிறது. நாங்கள் போன ஒரு பூங்காவில் சாய்தளம் இருந்தது. ஆனால் அது சறுக்கீஸ் மாதிரிச் செங்குத்து. உலகமெங்கும் சொல்லும் கணக்கு 1க்கு 12. 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அங்கே 2 அடிதான் இருந்தது. அத்தான் பின்னால் தள்ள, நான் முன்னால் பிடிக்க, பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூட்டை சீமெந்தை மிச்சம் பிடித்து என்ன கண்டார்கள்?

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் வீல்செயார் போகக் கடலருகே வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதப்பட்டது. புயலும் வெள்ளமும் தெரிந்த நமக்கு நிரந்தர மரப்பாதையை விடச் சுருட்டி எடுத்து வைக்கும் விரிப்புப் பாதைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். விடுமுறை நாட்களில் விரிக்கலாம், கடல் ஏறினால் சுருட்டலாம். கூடவே உயரமான இருக்கையும் பிடிகம்பியும் உள்ள ஒரு மலசலகூடம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் சுற்றுலாவுக்குச் செலவழிக்கும்போது முதலில் இதைச் செய்யட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. வீல்செயாரின் முன் சில்லு சின்னது, மணலில் அதுதான் புதையும். கதிரையைத் திருப்பி, கொஞ்சம் பின்னால் சாய்த்து, பெரிய சில்லில் பின்பக்கமாக இழுத்தால் வரும். கல்லடிக் கரையில் மீன்பிடிக்கிற மாமா ஒருவர் எங்களுக்கு இன்னொன்று காட்டித் தந்தார். இரண்டு பலகை. ஒன்றில் கதிரை நிற்க, மற்றதை முன்னால் போட வேண்டும். மாறி மாறிப் போட்டுக்கொண்டே போகலாம். மழை பெய்து இறுகிய மணல் கோடைமணலை விட இதற்கு நல்லது.

மார்கழி (டிசம்பர்) 26 எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிற நாள் இல்லை, அது சுனாமியில் போனவர்களுக்கு விளக்கேற்றும் நாள். அதற்கு முந்தின சனிக்கிழமை மழை விட்டால் பின்னேரம் 4 மணிக்கு கல்லடிக் கரைக்குப் போகிறோம். அம்மம்மாவும் வருகிறார், கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாமி வீட்டில் மலசலகூடத்துக்குக் கேட்டு வைத்திருக்கிறோம். வேனுக்குள் இருந்து கடல் பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் கூட்டிவாங்க. பலகைகளை நாங்கள் கொண்டுவருகிறோம்.