சின்னம்மா சொன்னது சரிதான்

இங்கே மொரீஷியஸில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் நடந்த ராகம் கண்டுபிடிக்கும் போட்டியின் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். அதில் முதல் வரிசையில் பச்சைச் சேலையோடு கையைத் தூக்கி "இது ராணி பாட்டு!" என்று சொல்பவர் என் சின்னம்மா. அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா சொன்னது சரி.

வீணையில் பத்து வினாடி. "என்ன ராகம், யார் இயற்றியது?" என்பது கேள்வி. தாளில் இருந்த விடை: சங்கராபரணம், முத்துஸ்வாமி தீட்சிதர். சின்னம்மா ராணி பாட்டு என்றார். மைக் வைத்திருந்தவர் கிரியோல் மொழியில், "பாட்டி, நாம் கோயிலில் இருக்கிறோம், பக்கிங்ஹாம் அரண்மனையில் இல்லை" என்றார். கூடமே சிரித்தது. வீடியோவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சின்னம்மா கையை மெல்ல இறக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல மடியில் வைத்துக்கொண்டது அதில் இல்லை.

இப்போது மைக் அண்ணனுக்கு ஒரு சேதி. அன்று நீங்கள் ஒலிக்கவிட்டது 'ஸந்ததம் பாஹிமாம்'. சங்கீத சியாமளை என்ற அம்மனைப் பற்றி தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வரம், அதாவது மேற்கத்திய மெட்டில் அமைந்த பாட்டு. சென்னைக்குப் பக்கத்து மணலியில் குடும்பத்தோடு இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார் என்று சொல்வார்கள். அவர் தம்பி பாலுஸ்வாமி பிடிலைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த கதையும் அதே காலத்தைச் சேர்ந்ததுதான். சரி, 'ஸந்ததம் பாஹிமாம்' எந்த மெட்டு? ஸ ஸ ரி நி ஸ ரி, க க ம க ரி ஸ. பாடிப் பாருங்கள். ஆங்கிலேயரின் தேசிய கீதம், அச்சு அசல். 1740களிலேயே இங்கிலாந்தில் அச்சேறிய மெட்டு அது. அப்போது தீட்சிதர் பிறக்கவே இல்லை.

1968 மார்ச் 12 வரை இந்தத் தீவில் பறந்தது அவர்கள் கொடிதான். சின்னம்மா ரோஸ் ஹில்லில் பள்ளிக்கூடம் போன காலத்தில், காலையில் வரிசையில் நின்று பாடியது அந்தப் பாட்டு. கிட்டத்தட்ட அறுபது வருடம் கழித்து, வேறொரு வாத்தியத்தில், கரகரக்கும் ஒலிபெருக்கியில், பத்தே வினாடியில் அதைப் பிடித்திருக்கிறார். பரிசு கொடுத்திருக்க வேண்டாமா? சிரித்தீர்கள். இன்னொரு முறை சொல்கிறேன், சின்னம்மா சொன்னது சரி.

"விளையாட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவு நீளப் பதிவா?" என்று ஒருவர் வருவார். வாருங்கள். விளையாட்டு என்றால் வீடியோவை ஏன் ஐந்து குழுக்களுக்கு அனுப்பினீர்கள்?

"பத்து வினாடியில் ராகம் கண்டுபிடிப்பது பெரிய ஞானம், அதைக் கேவலப்படுத்தாதீர்கள்" என்று இன்னொருவர் வருவார். இவருக்குக் கொஞ்சம் மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அந்தப் பைத்தியம்தான். ஆலாபனை தொடங்கி இரண்டாவது மூச்சிலேயே பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து "சஹானா" என்று கிசுகிசுத்தவன். அதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வித்வான் பாடுவது வேறு, கணினியில் ஒருவர் வெட்டித் தருவது வேறு. வித்வான் அந்த ராகத்தின் பிடியை, அதன் அடையாளமான ஸ்வரக் கோவையை, முதலிலேயே எடுத்துக் கொடுப்பார். வெட்டுகிறவர் எங்கே வெட்டுவார் என்று யாருக்குத் தெரியும்?

ஸ ரி க ப த ஸ என்று மேலே ஏறுகிற துண்டை மட்டும் கொடுங்கள். மோகனமா, பிலஹரியா? ஏறும்போது இரண்டுக்கும் ஸ்வரம் ஒன்றே. இறங்கும்போது நிஷாதமும் ('நி') மத்யமமும் ('ம') வந்தால்தான் பிலஹரி முகத்தைக் காட்டும். பிலஹரி ஸ்வரஜதியைப் படித்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும், முதல் வரியிலேயே மேல் ஸட்ஜத்தைத் தொட்டதும் 'நி' வந்து விழும். அந்த 'நி'க்கு ஒரு நூல் முன்னால் கத்திரி போட்டால் மோகனம் என்று சொல்பவன் முட்டாளா? அதேபோல நிஷாதம் படாமல் வெட்டிய ஸ்ரீரஞ்சனியை ஆபோகி என்று சொன்னால் அடிப்பீர்களா? விடையைத் தீர்மானிப்பது கத்திரி.

சங்கராபரணம் என்று கேட்டீர்களே, அது இன்னும் வேடிக்கை. நோட்டுஸ்வரத்தில் கமகம், ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கிற அந்த வேலை, எங்கே இருக்கிறது? நேர் நேராக நிற்கும் ஸ்வரங்கள், பேண்டு வாசிப்பது போல. சங்கராபரணத்தின் எலும்புக்கூடு இருக்கும், ஆள் இருக்காது. இருபத்தொன்பதாவது மேளம் (தாய் ராகம்) என்று தாளில் எழுதி டிக் அடிக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பத்து வினாடியில் இருந்தது மெட்டு. மெட்டைத்தான் சின்னம்மா சொன்னார்.

எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் காத்ர் போர்னில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் வகுப்பு வைத்திருந்தார். மழை வந்தால் தகரம் போடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. "இது என்ன ராகம்?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பாதியில் வில்லை நிறுத்திவிட்டு, "இப்போ எங்கே போகும்?" என்பார். பைரவியில் த-வில் நிற்கிறது, அடுத்தது எங்கே? வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் தெரிந்த பையன்கள் முழிப்பார்கள். பெயர் தெரியாத ஒரு பெண், மீன் கடைக்காரர் மகள், சரியாக வாசிப்பாள். அவளுக்கு அந்த ராகத்துக்கு என்ன பெயர் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பெருமையாக. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"உன் சின்னம்மா என்பதால்தானே குதிக்கிறாய்?" ஆமாம். அதில் என்ன சந்தேகம்?

நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை பூஜையில் பாடுகிறவர் அவர். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பார். அதனால் தேவாரம் முழுவதையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் அவரிடம் உண்டு, அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியது. காவடிக்கு ஏழு கறிச் சாப்பாடு என்றால் விடியற்காலை மூன்று மணிக்குப் பூசணி நறுக்குகிற கூட்டத்தில் முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை சிரித்த எல்லோரும் அவர் கையால் இலையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தீவே அதிரக் கொதித்தோம், அச்சடித்த நோட்டைத் திரும்ப வாங்க வைத்தோம். காகிதத்தில் இருக்கும் தமிழுக்கு அவ்வளவு ரோஷம். எதிரில் உட்கார்ந்து பாடுகிற தமிழுக்கு ஒரு "மன்னிக்கவும்" கிடையாது.

மைக் அண்ணன் நல்லவர், சம்பளமில்லாமல் செய்கிறார், அதெல்லாம் தெரியும். நானும் அவரை நேரில் பார்த்தால் சிரித்துத்தான் பேசப் போகிறேன். விடைத்தாளை அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் என் முழங்கை தெரியும். அது எந்த மெட்டு என்று எனக்கு இரண்டாவது வினாடியிலேயே தெரியும். எழுந்து "அவர் சொன்னது சரி" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடம் சிரித்தபோது என் முகத்திலும் ஏதோ ஒன்று வந்து போனது. அது சிரிப்பு இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார், "அப்போ அது சாமி பாட்டா?"

"ஆமாம் சின்னம்மா. அம்மன் பாட்டு. மெட்டு ராணி பாட்டுதான், நீங்கள் சொன்னது சரி."

"அப்படியா!" என்றார். சந்தோஷம்தான், வேறொன்றும் அதில் இல்லை. "மெட்டு எனக்குத் தெரியும். வார்த்தையை மட்டும் எழுதிக் குடு, வெள்ளிக்கிழமை பாடலாம். பிரெஞ்சு எழுத்தில் எழுது, பெரிசா."

இன்று புதன். இவ்வளவு நீளம் இங்கே எழுதிவிட்டேன். அதை இன்னும் எழுதவில்லை.